கியூட்: எல்லாத் திரைகளுக்கும் ஒரே நிரல்

கியூட் என்பது மேசைக்கணினி, கைபேசி, கார், மருத்துவக் கருவி என எந்தத் திரையில் ஓட வேண்டிய செயலியையும் ஒரே மூலநிரலிலிருந்து ஆக்க உதவும் இடைமுகச் சட்டகம். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் ‘க்யூ’, ‘டி’ என்ற இரண்டே எழுத்துகளில் அமைந்த பெயரை ஆக்கியவர்கள் ‘கியூட்’ என்றே சொல்கிறார்கள். 1991-இல் நார்வேயில் எழுதத் தொடங்கிய இந்தச் சட்டகம் ட்ரோல்டெக், நோக்கியா, டிஜியா, கியூட் கம்பெனி என மூன்று முறை கைமாறியும் உயிரோடிருக்கிறது. அதன் சமகாலத்து நிரலகங்கள் பலவற்றை இன்று பழைய கையேடுகளில்தான் பார்க்க முடிகிறது. கியூட் பிழைத்ததற்குத் தொடக்க ஆண்டுகளில் எடுத்த இரண்டு முடிவுகள் காரணம். திரையில் தெரியும் ஒவ்வொரு பொத்தானையும் தானே வரைவது என்பது ஒன்று. பயன்படுத்துவோருக்கு எழுத்தில் ஒரு வாக்குக் கொடுத்தது மற்றொன்று.

பூங்காவில் தொடங்கியது

1980-களின் இறுதியில் ஒரு செயலி யூனிக்ஸ், மேக்கின்டாஷ், விண்டோஸ் மூன்றிலும் ஓட வேண்டுமானால் அதன் திரைப் பகுதியை மூன்று தடவை எழுத வேண்டியிருந்தது. யூனிக்ஸில் மோட்டிஃப் போன்ற நிரலகங்கள் இருந்தன. மேக்கும் விண்டோஸும் தத்தம் வழியில் சாளரங்களைத் திறந்தன, தத்தம் வழியில் சுட்டியின் சொடுக்கைச் சொல்லின. மூன்றையும் கற்றவர்கள் அரிது. மூன்று பிரதிகளையும் ஒரே சீராகப் பராமரித்த நிறுவனங்கள் அதைவிட அரிது.

ஹோவார்ட் நோர்டும் எய்ரிக் ஷாம்பே-எங்கும் ட்ரோன்ட்ஹைம் நகரிலிருந்த நார்வே தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியல் படித்தவர்கள். 1990 கோடையில் அல்ட்ராசவுண்ட் படங்களைச் சேமித்துவைக்கும் தரவுத்தளச் செயலி ஒன்றில் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அதுவும் மேற்சொன்ன மூன்று அமைப்புகளிலும் ஓட வேண்டியதுதான். வெயில் அடித்த ஒரு நாள் வெளியே போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, பொருள்நோக்கு முறையில் அமைந்த ஒரு காட்சி அமைப்பு நமக்குத் தேவை என்று நோர்ட் சொன்னார். அந்தப் பேச்சிலிருந்துதான் கியூட் பிறந்தது. 1988-இலேயே ஒரு ஸ்வீடிஷ் நிறுவனத்துக்காக இடைமுகச் சட்டகம் எழுதிப் பார்த்தவர் நோர்ட். ஆகவே அது வெறும் வெயில்நேர யோசனையாக நின்றுவிடவில்லை. 1991-இல் அவர் வகுப்புகளை எழுதத் தொடங்கினார். வடிவமைப்பில் ஷாம்பே-எங் துணைநின்றார்.

1993-இல் அவர்களுடைய முதல் வரைகலைக் கருவகம் தயாரானது. பொத்தான், பட்டியல், உரைப்பெட்டி எனத் தங்கள் சொந்த விட்ஜெட்டுகளை அதன்மேல் கட்ட முடிந்தது. ஆண்டு முடிவில், இதையே தொழிலாகச் செய்வோம் என்றார் நோர்ட். 1994 மார்ச் 4 அன்று நிறுவனம் பதிவானது. முதலில் குவாசர் டெக்னாலஜீஸ், அப்புறம் ட்ரோல் டெக், கடைசியில் ட்ரோல்டெக் என்று பெயர் மாறியது. வாடிக்கையாளர் இல்லை, பொருள் முடியவில்லை, கையில் பணமும் இல்லை. இருவருடைய மனைவியரும் வேலையில் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் குடும்பத்தைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாக அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கியூட்டின் முதல் முதலீட்டாளர்கள் என்று அந்த இரண்டு பெண்களைத்தான் சொல்ல வேண்டும். பதிப்பு வரலாறுகளின் அட்டவணைகளில் இதற்குக் கட்டம் இல்லை.

நோர்டின் ஈமேக்ஸ் திருத்தியில் ‘க்யூ’ என்ற எழுத்து அழகாகத் தெரிந்தது என்பதுதான் பெயருக்கான காரணம். ‘டி’, கருவித்தொகுதி என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. நிரலில் இருக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பின் பெயரும் இன்றுவரை அந்த ‘க்யூ’வில்தான் தொடங்குகிறது.

1995 ஏப்ரலில், நோர்டின் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரையால் மெட்டிஸ் என்ற நார்வே நிறுவனம் ஒரு வேலையைக் கொடுத்தது. அதே ஆண்டு மே 20 அன்று கியூட் 0.90 அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகச் சேவையகத்தில் ஏற்றப்பட்டது. அடுத்த பத்து மாதங்கள் மெட்டிஸைத் தவிர யாரும் உரிமம் வாங்கவில்லை. 1996 மார்ச்சில் ஐரோப்பிய விண்வெளி முகமை பத்து உரிமங்கள் வாங்கியது. செப்டம்பர் 24 அன்று 1.0 வெளியானது. அந்த ஆண்டு முடிந்தபோது எட்டு நாடுகளிலிருந்து எட்டு வாடிக்கையாளர்கள், 18 உரிமங்கள். அவ்வளவுதான் வியாபாரம்.

சிக்னலும் ஸ்லாட்டும்

கியூட்டின் உள்ளே நுழையும் எந்த நிரலாளரும் முதலில் சந்திப்பது சிக்னல், ஸ்லாட் என்ற ஏற்பாட்டை. 1992-இல் ஷாம்பே-எங் அதைக் கண்டடைந்தார். அதற்கு முன்பு, ஒரு பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை அந்தப் பொத்தானிடமே ஒரு செயற்கூற்றின் முகவரியாகக் கொடுத்துவைக்க வேண்டும். முகவரி பிசகினாலோ, வகை பொருந்தாமல் போனாலோ தொகுப்பி எச்சரிக்காது. செயலி ஓடும்போது விழும். மேலும், பொத்தான் தனக்கு வெளியே இருப்பவர்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்தது.

பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொண்டால் ஷாம்பே-எங்கின் தீர்வு புரிந்துவிடும். மணி அடிக்கிறது. ஆசிரியர் புத்தகத்தை மூடுகிறார், பிள்ளைகள் ஓடுகிறார்கள், வாசலில் இருப்பவர் ஐஸ்பெட்டியைத் திறக்கிறார். யார் யார் கேட்கிறார்கள் என்பது மணிக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கியூட்டில் பொத்தான் ‘நான் அழுத்தப்பட்டேன்’ என்ற சிக்னலை விடுகிறது. அதை எந்தப் பொருளின் எந்த ஸ்லாட்டோடு இணைப்பது என்பதை வெளியிலிருந்து ஒருவர் ஒரே வரியில் எழுதுகிறார். ஒரு சிக்னலோடு பத்து ஸ்லாட்டுகளை இணைக்கலாம். ஒன்றையும் இணைக்காமலும் விடலாம். கேட்பவர் அழிந்துவிட்டால் இணைப்பும் தானே அறுந்துவிடும்.

அன்றைய சி பிளஸ் பிளஸுக்கு இதற்கான வசதி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளிடம் ‘உன்னிடம் என்னென்ன இருக்கிறது’ என்று கேட்க மொழியில் வழியில்லை. எனவே தொகுப்பிக்கு முன்பாக ஓடும் ஒரு சிறு நிரலை அவர்கள் எழுதினார்கள். ‘மாக்’ என்று அழைக்கப்படும் அது தலைப்புக் கோப்புகளைப் படித்து, தேவையான இணைப்பு நிரலைத் தானே எழுதிக் கொடுக்கும். சி பிளஸ் பிளஸின் தூய்மையைக் காப்பவர்கள் இதை விடாமல் குறைசொன்னார்கள். மொழிக்கு மேல் இன்னொரு மொழியா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் மொழி வளரும்வரை காத்திருந்தால் கியூட் வந்திருக்காது. பின்னாளில் தொடுதிரைக் காலத்துக்கு அது தாவ முடிந்ததற்கும், ஓடும் பொருளின் உள்விவரத்தைக் கேட்டறிய வைத்த இந்த ஏற்பாடுதான் அடித்தளம்.

தானே வரைவது

பல அமைப்புகளில் ஓடும் நிரலகத்தை இரண்டு வழிகளில் கட்டலாம். விண்டோஸில் விண்டோஸின் பொத்தானையும் மேக்கில் மேக்கின் பொத்தானையும் வரவழைத்து, மேலே ஒரு மெல்லிய உறையைப் போடுவது ஒரு வழி. எல்லா அமைப்புகளிலும் இருப்பதை மட்டுமே அப்போது கொடுக்க முடியும். ஒவ்வோர் அமைப்பின் விசித்திரங்களும் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அமைப்பிடம் வெறும் சாளரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பதையெல்லாம் தானே வரைவது இன்னொரு வழி. கியூட் இரண்டாவதைத் தேர்ந்தது. விண்டோஸில் விண்டோஸ் பொத்தானைப் போலவும் மேக்கில் மேக் பொத்தானைப் போலவும் வரைய ‘ஸ்டைல்’ எனப்படும் தனித்தனி வரைபடிகள் இருக்கும். ஆனால் அந்தப் பொத்தான் எங்கும் கியூட்டினுடையதே.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. ஒவ்வொரு முறை ஆப்பிளோ மைக்ரோசாஃப்டோ தோற்றத்தை மாற்றும்போதும் கியூட் பின்னால் ஓட வேண்டும். மேக் பயனர்கள் ஒரு பிக்சல் விலகலைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த முணுமுணுப்பு இன்றும் ஓயவில்லை. ஆயினும், தனக்கென்று பொத்தானே இல்லாத கருவிகள் வந்தபோது கியூட் ஏற்கெனவே தயாராக இருந்தது. காரின் முகப்புப் பலகைக்கும் மின்னூல் கருவிக்கும் ‘சொந்தப் பொத்தான்’ என்று எதுவும் கிடையாது. 2018 டிசம்பரில் 1.0 பதிப்பை எட்டிய கூகுளின் ஃப்ளட்டர், ஒவ்வொரு பிக்சலையும் தானே வரைவதைத் தன் பலமாகச் சொன்னது. அந்தச் சாலையில் ட்ரோன்ட்ஹைம்காரர்கள் கால் நூற்றாண்டுக்கு முன்பே நடந்திருந்தார்கள்.

உரிமச் சண்டையும் ஒரு வாக்கும்

1996 அக்டோபர் 14 அன்று மத்தியாஸ் எட்ரிஷ் என்ற ஜெர்மன் மாணவர், யூனிக்ஸ் பயனர்களுக்கு ஒழுங்கான மேசைச்சூழல் ஒன்றைக் கட்டுவோம் என்று அழைப்பு விடுத்தார். கேடிஇ என்ற அந்தத் திட்டத்துக்கு அவர் தேர்ந்த அடித்தளம் கியூட். ட்ரோல்டெக்குக்கு இது பெரும் அதிர்ஷ்டம். லினக்ஸ் உலகத்துக்கோ பெரும் தலைவலி.

சிக்கல் உரிமத்தில் இருந்தது. யூனிக்ஸில் கட்டற்ற மென்பொருள் எழுதுவோர் கியூட்டை இலவசமாகப் பயன்படுத்தலாம், மூலநிரலைப் படிக்கலாம். ஆனால் அதைத் திருத்தி மற்றவருக்குக் கொடுக்க உரிமை இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கண்ணில் அது கட்டற்றது ஆகாது. முழு மேசைச்சூழலும் ஒரு தனியார் நிறுவனத்தின் தயவில் நிற்பதா என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. அதற்கு விடையாக மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மேனாவும் 1997 ஆகஸ்டில் ஜினோம் திட்டத்தைத் தொடங்கினார்கள். கிம்ப் என்ற படத்திருத்திக்காக எழுதப்பட்ட ஜிடிகே நிரலகம் அதன் அடித்தளமானது. கியூட்டையே முதலிலிருந்து திரும்ப எழுதும் ஹார்மனி என்ற முயற்சியும் நடந்தது. லினக்ஸ் மேசைக்கணினி இன்றும் கேடிஇ, ஜினோம் என்று இரண்டாகப் பிரிந்து நிற்பதன் வேர் அந்த உரிமப் பத்தியில்தான் இருக்கிறது.

ட்ரோல்டெக் காது கொடுத்தது. 1998 ஜூனில் கேடிஇயோடு சேர்ந்து ‘கேடிஇ ஃப்ரீ கியூட் ஃபவுண்டேஷன்’ என்ற அறக்கட்டளை நிறுவப்பட்டது. ட்ரோல்டெக் பன்னிரண்டு மாதங்களுக்குள் புதிய கட்டற்ற பதிப்பு ஒன்றை வெளியிடாவிட்டால், இருக்கும் பதிப்பை எந்தக் கட்டுப்பாடும் அற்ற பிஎஸ்டி வகை உரிமத்தில் வெளியிட அறக்கட்டளைக்கு அதிகாரம் உண்டு. நிறுவனத்தை யார் வாங்கினாலும் ஒப்பந்தம் கூடவே போகும். நிர்வாகக் குழுவில் இரு தரப்புக்கும் சம இடங்கள். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் கேடிஇயின் சொல்லே முடிவு. தன் ஒரே சொத்தின் சாவியில் பாதியை ஒரு சிறு நிறுவனம் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தது. மென்பொருள் வரலாற்றில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய செயல்கள் வெகு சில.

1999 ஜூனில் வந்த 2.0 பதிப்புக்கு ‘க்யூபிஎல்’ என்ற திறந்த உரிமம் கிடைத்தது. ஆனால் அது கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ஜிபிஎல் உரிமத்தோடு ஒட்டவில்லை. 2000 செப்டம்பரில் 2.2 பதிப்பு ஜிபிஎல்லின் கீழேயே வந்ததும் யூனிக்ஸ் பக்கச் சண்டை முடிந்தது. விண்டோஸ்காரர்கள் மட்டும் 2005 ஜூனில் 4.0 வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எட்ரிஷ் 1998-இலேயே ட்ரோல்டெக்கில் சேர்ந்துவிட்டார்.

ஒரு கிளை: உலாவியும் தமிழ் எழுத்தும்

கியூட் வரலாற்றில் லார்ஸ் க்னோல் என்ற பெயரை விட்டுவிட முடியாது. இயற்பியல் படித்த இந்த ஜெர்மானியர், கேடிஇயின் உலாவிக்காக கேஎச்டிஎம்எல் என்ற இயந்திரத்தை எழுதியவர்களில் முதன்மையானவர். 2003 ஜனவரியில் ஆப்பிள் சஃபாரியை அறிவித்தபோது அதன் உள்ளே இருந்தது கேஎச்டிஎம்எல். அந்த நிரல் கியூட்டை நம்பியிருந்ததால், கியூட்டைப் போல நடிக்கும் ஒரு மெல்லிய அடுக்கை ஆப்பிள் பொறியாளர்கள் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. அதிலிருந்து வெப்கிட், வெப்கிட்டிலிருந்து 2013-இல் குரோமின் பிளிங்க். இன்று உலகத்தின் பெரும்பான்மை உலாவிகள் அந்தப் பரம்பரையில் வந்தவை. வெப்கிட் 2008-இல் கியூட் 4.4 பதிப்புக்குள் திரும்பி வந்தது, பேரன் தாத்தா வீட்டுக்கு வருவதைப் போல.

க்னோல் செய்த இன்னொரு வேலை தமிழருக்கு நேரடியாகத் தொடர்புடையது. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் அது ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்தது. நினைவகத்தில் ககரம் முதலில் இருக்கும். திரையிலோ ஒற்றைக்கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்று நினைத்த நிரலகங்களில் தமிழ் சிதறிக் கிடந்தது. 2.0 பதிப்பில் கியூட் தன் உரைகள் அனைத்தையும் உள்ளுக்குள் யூனிகோடுக்கு மாற்றியது. மூன்றாம் தலைமுறையில் இந்திய எழுத்துகளை முறையாகக் கோத்து வரையும் பகுதி சேர்ந்தது. அந்தக் காலத்துத் தமிழ் இணையம் டிஸ்கி குறியேற்றத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. அதில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படும் என்பதால், யூனிகோடுக்கு மாற்றும்போது வரிசையைக் கலைத்து அடுக்க வேண்டும். இதற்கென்றே தனி வகுப்பு ஒன்று கியூட்டில் இருந்தது. ஹான்ஸ் பெட்டர் பீக்கர் என்பவர் எழுதிக் கொடுத்தது. தமிழுக்காக மட்டும் எழுதப்பட்ட ஒரு வகுப்பு ஸ்காண்டிநேவிய நிரலகம் ஒன்றின் ஆவணத்தில் ‘க்யூ’ எழுத்தோடு நின்றிருந்தது. அதே தளத்தின்மேல் தன்னார்வலர்கள் கேடிஇயின் பட்டிகளைத் தமிழாக்கினார்கள்.

எழுத்து கோக்கும் நிரலைக் கியூட்டும், ஜினோமின் பேங்கோவும் தனித்தனியாக வளர்த்துக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சிக்கு ஹார்ஃப்பஸ் என்று பெயர் வைத்தார்கள். பின்னர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதை முழுவதும் திருப்பி எழுதினார். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றில் இன்று தமிழ் ஒழுங்காகத் தெரிவது ஹார்ஃப்பஸால். உரிமத்துக்காகப் பிரிந்த இரண்டு முகாம்கள் எழுத்துக்காகச் சேர்ந்த இடம் அது.

விரல் வந்த பின்

தொடுதிரை கியூட்டுக்குப் புதிதல்ல. 2000-இல் உட்பொதி லினக்ஸுக்கான பதிப்பு வந்தது. ஷார்ப் நிறுவனத்தின் ஜாரஸ் கையடக்கக் கணினியில் அது ஓடியது. ஆனால் அங்கே தொட்டது குச்சி. மேசைக்கணினியின் பொத்தானையே சிறிதாக்கிக் காட்டினால் போதும். குச்சியின் நுனி சுட்டியைப் போலத்தான்.

2007-இல் ஐஃபோன் வந்ததும் கணக்கு மாறியது. விரலைப் பின்தொடர்ந்து பட்டியல் நகர வேண்டும், விரலை எடுத்த பிறகும் சறுக்கி மெல்ல நிற்க வேண்டும். கண் அதை வழுக்கலாக உணர வேண்டுமானால் வினாடிக்கு 60 சட்டங்கள் வரைய வேண்டும். ஒரு சட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிவினாடி. கியூட்டின் விட்ஜெட்டுகள் மத்தியச் செயலகத்தால் வரையப்பட்டவை. எங்கே மாற்றம் உண்டோ அங்கே மட்டும் அழித்து வரைவது அவற்றின் சிக்கனம். முழுத் திரையும் எல்லாச் சட்டத்திலும் மாறும்போது அந்தச் சிக்கனத்துக்குப் பொருளில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. காட்சியை வடிவமைப்பவர் ஒருவர், நிரல் எழுதுபவர் வேறொருவர். வடிவமைப்பாளர் வரைந்து கொடுத்த அசைவை நிரலாளர் சி பிளஸ் பிளஸில் பெயர்த்து எழுதுவதற்குள் அதன் உயிர் பாதி போய்விடும். மைக்ரோசாஃப்ட் 2006 நவம்பரில் டபிள்யூபிஎஃப் சட்டகத்தோடு ஸாமல் என்ற விவரிப்பு மொழியைக் கொண்டுவந்து இதற்கு ஒரு விடை சொல்லியிருந்தது. கியூட்டுக்கும் அப்படி ஒன்று தேவைப்பட்டது.

இதற்கிடையே 2008 ஜனவரியில், ட்ரோல்டெக்கை வாங்கப்போவதாக நோக்கியா அறிவித்தது. விலை சுமார் 84 கோடியே 40 லட்சம் நார்வே குரோனர். தன் சிம்பியன் கைபேசிகளுக்கும் லினக்ஸ் கைபேசிகளுக்கும் பொதுவான ஒரு நிரல்தளம் வேண்டும் என்பது நோக்கியாவின் எண்ணம். உரிமம் விற்றுப் பிழைக்க வேண்டிய நிலை இல்லாததால் 2009 மார்ச்சில் 4.5 பதிப்பை இன்னும் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. மூடிய மென்பொருளையும் பணம் கட்டாமல் கியூட்டில் எழுதலாம் என்று ஆனது. 2009 டிசம்பரின் 4.6 பதிப்பில் பல விரல் தொடுகை, சைகைகள், அசைவூட்டம் ஆகியவை வந்தன.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் அலுவலகத்தில் ஒரு சிறு குழு வேறொன்றைச் செய்துகொண்டிருந்தது. 2010 செப்டம்பரில் 4.7 பதிப்போடு அது கியூஎம்எல் மொழியாகவும், கியூட் குவிக் என்ற நிரலகமாகவும் வெளிவந்தது. கியூஎம்எல்லில் ‘முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்’ என்று கட்டளையிடுவதில்லை. காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று விவரிக்கிறோம். இந்தச் சதுரத்தின் அகலம் தன் தாய்ச் சாளரத்தின் அகலத்தில் பாதி என்று ஒரு தடவை எழுதினால் போதும். சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கினாலும் கைபேசியைப் படுக்கவைத்தாலும் சதுரம் தானே சரியாகிக்கொள்ளும். எக்செல் தாளில் ஒரு கட்டத்தின் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை தானே மாறுவதைப் போன்றது இது. ‘பிணைப்பு’ என்று இதற்குப் பெயர். எந்தப் பண்பு மாறியது என்று சட்டகத்துக்கு எப்படித் தெரியும்? பண்பு மாறியதும் சிக்னல் வருகிறது. 1992-இல் பொத்தானுக்காகக் கண்டடைந்தது இங்கே காட்சி முழுவதையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. கியூஎம்எல்லுக்குள் ஜாவாஸ்கிரிப்ட் எழுதலாம். கனமான வேலையைச் சி பிளஸ் பிளஸுக்கு விட்டுவிடலாம். ‘மாக்’ எழுதிவைக்கும் உள்விவரம் இரண்டையும் இணைக்கிறது.

வரையும் முறையும் மாறியது. 2012 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில் கியூட் குவிக்கின் காட்சிகள் ‘காட்சிமரம்’ ஒன்றில் அடுக்கப்பட்டு ஓபன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகம் வழியாக வரைகலைச் செயலகத்துக்குப் போயின. பழைய முறை சுவரில் ஓவியம் தீட்டுவது. அசைக்க வேண்டுமானால் அழித்துத் திரும்ப வரைய வேண்டும். புதியது பொம்மலாட்டம், பொம்மை ஒரு தடவை செய்யப்பட்டுவிட்டது, ஒவ்வொரு சட்டத்திலும் நூலை இழுத்தால் போதும். ஒரே வகைப் பொருட்களைச் சேர்த்து ஒரே கட்டளையில் அனுப்புவது, தர்க்கத்துக்கு ஓர் இழையும் வரைதலுக்கு வேறோர் இழையும் வைப்பது ஆகியவற்றால், சிறிய செயலகம் கொண்ட கருவிகளிலும் 60 சட்டங்கள் கைகூடின.

5.0 வருவதற்கு முன்பே, இந்த உழைப்பின் ஒரு பகுதி ஒரு கைபேசியில் அழகாகத் தெரிந்தது. 2011 ஜூனில் சிங்கப்பூரில் நோக்கியா அறிமுகப்படுத்திய என்9-இன் முகத்தில் ஒரு பொத்தான்கூட இல்லை. திரையின் விளிம்பிலிருந்து விரலை இழுத்தால் செயலி விலகும். இன்று பெரும்பாலான கைபேசிகளில் செய்யும் அந்தச் சைகையை என்9 அன்றே வைத்திருந்தது. அதன் இடைமுகம் கியூட்டின் மேல் கட்டப்பட்டது. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரி 11 அன்றே நோக்கியா தன் எதிர்காலத்தை மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோனோடு கட்டிவிட்டிருந்தது. அந்தத் தளத்தில் கியூட்டுக்கு இடமில்லை. என்9 பிறக்கும்போதே வாரிசு இல்லாத பிள்ளை. தொடுதிரை இடைமுகங்களின் வரலாற்றில் என்னை மிகவும் வருந்தவைப்பது இந்த நான்கு மாத இடைவெளிதான்.

மீண்டும் கைமாறியது

2011 மார்ச்சில் கியூட்டின் வணிக உரிமத் தொழிலை நோக்கியாவிடமிருந்து ஃபின்லாந்தின் டிஜியா வாங்கியது. அக்டோபரில் வளர்ச்சிப் பணி வெளியாருக்கும் திறக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், தகுதி காட்டியவர் பராமரிப்பாளர் ஆகலாம். 2012 ஆகஸ்டில் மீதியையும் டிஜியா வாங்குவதாக அறிவித்தது. பிரிஸ்பேன் அலுவலகம் மூடப்பட்டது. இத்தனைக்கும் நடுவே 5.0 வெளிவந்தது என்றால், க்னோலும் அவரோடு இருந்தவர்களும் சம்பளம் யார் தருவார் என்று தெரியாத மாதங்களிலும் வேலையை நிறுத்தவில்லை என்று பொருள். பன்னிரண்டு மாத வாக்கு பின்னால் நின்றதால், யார் வாங்கினாலும் நிரல் சாகாது என்ற தைரியம் கேடிஇக்காரர்களுக்கு இருந்தது.

2013 டிசம்பரின் 5.2 பதிப்பில் ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும் முழு ஆதரவு பெற்றன. 2014-இல் கியூட் கம்பெனி என்ற துணை நிறுவனம் அமைந்தது. 2016 மே மாதத்தில் அது டிஜியாவிலிருந்து பிரிந்து ஹெல்சிங்கி பங்குச்சந்தையில் தனியாக நின்றது. நோக்கியா கைவிட்ட துண்டுகளிலிருந்து யொல்லாவின் செய்ல்ஃபிஷ் வளர்ந்தது. பிளாக்பெர்ரி 10-இன் கேஸ்கேட்ஸும் உபுண்டு டச்சும் கியூட்டின் மேல் கட்டப்பட்டன. கைபேசிச் சந்தையில் இவை எவையும் நிலைக்கவில்லை. கியூட்டின் உண்மையான தொடுதிரை வாழ்வு கைபேசிக்கு வெளியே அமைந்தது. எல்ஜியின் வெப்ஓஎஸ் தொலைக்காட்சிகள், மெர்சிடிஸ் கார்களின் எம்பியுஎக்ஸ் திரை, நார்வேயின் ரிமார்க்கபிள் மின்தாள் பலகை என்று பட்டியல் நீளும். மேசைக்கணினியில் விஎல்சி, மாயா, விர்ச்சுவல்பாக்ஸ், டெலிகிராம் ஆகியவற்றைத் திறந்தவர்கள் கியூட்டைப் பார்த்திருக்கிறார்கள். அது தன் பெயரைத் திரையில் சொல்வதில்லை என்பதால் பலருக்கும் தெரியாது.

சி பிளஸ் பிளஸ் தெரியாதவர்களுக்கும் கதவு திறந்தது. பைத்தானுக்கான பைக்யூட்டை ஃபில் தாம்சன் 1990-களின் இறுதியிலேயே எழுதினார். அதன் உரிமம் எல்ஜிபிஎல்லுக்கு மாறாததால் 2009-இல் நோக்கியா பைசைடைத் தொடங்கியது. இன்று அது கியூட் ஃபார் பைத்தான் என்ற பெயரில் அதிகாரபூர்வமானது. கல்லூரி மாணவர் ஒருவர் இருபது வரி பைத்தானில் சாளரம் திறந்து பொத்தான் வைக்க முடிகிறது.

2020 டிசம்பர் 8 அன்று 6.0 வந்தது. ஆப்பிள் ஓபன்ஜிஎல்லைக் கைவிட்டு மெட்டலுக்குப் போய்விட்டது, மற்றவர்கள் வல்கனுக்கு நகர்ந்தார்கள். ஆகவே காட்சிமரத்துக்கும் வரைகலைச் செயலகத்துக்கும் இடையே ஒரு பொது அடுக்கு வைக்கப்பட்டது. வல்கன், மெட்டல், டைரக்ட்3டி, ஓபன்ஜிஎல் எதுவானாலும் மேலே எழுதிய கியூஎம்எல் மாறாது. 1990-இல் மூன்று அமைப்புகளுக்கு இடையே செய்ய நினைத்ததைத்தான் கியூட் இங்கே ஒரு படி கீழே இறங்கிச் செய்தது.

அதே 2020 உரசலையும் கொண்டுவந்தது. நீண்டகால ஆதரவுப் பதிப்புகளின் திருத்தங்கள் இனிப் பணம் கட்டுவோருக்கே என்று ஜனவரியில் நிறுவனம் அறிவித்தது. எல்லா வெளியீடுகளையும் முதல் பன்னிரண்டு மாதங்களுக்குப் பணம் கட்டுவோருக்கு மட்டும் கொடுக்க நிறுவனம் யோசிப்பதாக ஏப்ரலில் கேடிஇ தரப்பின் மடல் ஒன்று சொன்னது. தன் திட்டம் அதுவல்ல என்று நிறுவனம் மறுத்தது. அந்தப் பன்னிரண்டு, 1998 ஒப்பந்தத்தில் இருக்கும் அதே பன்னிரண்டு. அதைத் தாண்டி யாரும் பேசவில்லை. 5.15 பதிப்புக்கான திருத்தங்களைக் கேடிஇ 2021 முதல் தானே தொகுத்து எல்லாருக்கும் கொடுக்கத் தொடங்கியது. அறக்கட்டளை தன் கடைசி அதிகாரத்தை இதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை.